1,650 ரூவா சதுர கேமரா ஃபில்டர் செட்: கேஆர்பி டேம் கரையில மூணு மாசம் வெச்சு பாத்தேன்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கேமரா லென்ஸ் முன்னாடி சொருகற இந்த ஃபில்டர் செட்டுல வர்ற தகடு மொத்தம் ஒம்போது, அதுல எனக்கு உருப்படியா உழைச்சது ஒண்ணே ஒண்ணு, அந்த ஒண்ணுக்காக 1,650 ரூவா குடுத்தது வீணான்னு கேட்டா இல்லன்னு தான் சொல்லுவேன், ஆனா அது எந்த தகடுன்னு வாங்கறதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா தனியா அதை மட்டும் வாங்கி பாதி காசை மிச்சம் பண்ணியிருப்பேன். பிராண்ட் பேரு எழுதலை. இதே சாமானை டப்பா மட்டும் மாத்தி நாலஞ்சு பேருல விக்கறாங்க, படத்தை பாத்தாலே உங்களுக்கு தெரிஞ்சுடும், தகடு சொருக கருப்பு பிளாஸ்டிக் ஹோல்டர், அதை லென்ஸ்ல மாட்ட வரிசையா வட்ட வட்டமா ரிங்கு, ஜிப் வெச்ச ஒரு பை.

நமக்கு ஊரு காவேரிப்பட்டணம். மாங்கூழ் ஃபேக்டரில கணக்கு பாக்கற வேலை. சீசன்ல வீட்டுக்கு போய் சாப்பிடவே நேரம் இருக்காது, ஆடி கழிஞ்சுட்டா சாயங்காலம் அஞ்சு மணிக்கு கையை வீசிட்டு வெளிய வந்துடலாம். அங்கிருந்து வண்டியை முறுக்குனா கேஆர்பி டேம் பக்கத்துல தான். கேமரா செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேனான் 200டி, கூட வந்த 18-55 லென்ஸ், அப்பறம் மச்சான் கல்யாணத்துக்கு துபாய்ல இருந்து வந்தவர்கிட்ட பேரம் பேசி வாங்குன 55-250. ரெண்டு லென்ஸுக்கும் முன்பக்க மரை 58 எம்எம், அதனால ஒரே ரிங்கு ரெண்டுக்கும் உக்காரும். இதை ஏன் சொல்றேன்னா செட்டுல எட்டு ஒம்போது ரிங்கு குடுத்துட்டு அதையே பெரிய சலுகை மாதிரி காட்டுவாங்க, நமக்கு வேண்டியது ஒண்ணு தான், மீதி பீரோவுக்கு.

எதுக்கு இந்த ஃபில்டர்னு தெரியாதவங்களுக்கு: தண்ணி மேல சூரியன் இறங்கறதை எடுக்கறப்ப வானத்துக்கு லைட் சரியா வெச்சா கீழ கரை, பாறை, பரிசல்காரர் எல்லாம் கரி ஆயிடும், கீழ சரியா வெச்சா வானம் வெளுத்து சோத்துக்கஞ்சி மாதிரி ஆயிடும். மேல் பாதி கருப்பு கீழ் பாதி தெளிவா இருக்கற ஒரு தகட்டை லென்ஸ் முன்னாடி சொருகுனா வானத்து வெளிச்சம் மட்டும் குறையும், ரெண்டும் ஒரே படத்துல வரும். அதான் கிராஜுவேட்டட் என்டி, என்டின்னா நியூட்ரல் டென்சிட்டி. செட்டுல இது மூணு இருக்கும், 2, 4, 8ன்னு நம்பர் போட்டு. 2ன்னா வெளிச்சம் பாதி, அதாவது ஒரு ஸ்டாப். 4ன்னா கால்வாசி, ரெண்டு ஸ்டாப். 8ன்னா எட்டுல ஒரு பங்கு, மூணு ஸ்டாப். இது போக முழுசா கருப்பா மூணு, அப்பறம் ஆரஞ்சு, நீலம், ஊதான்னு கலர் தகடு மூணு.

பார்சல் வந்தப்ப முதல் ஏமாத்தம், 58 ரிங்கு லேசா நெளிஞ்சு இருந்துச்சு. எட்டு ரிங்குல நெளிஞ்சது நமக்கு வேண்டிய அந்த ஒண்ணே தான், நம்ம ராசி அப்படி. லென்ஸ்ல பாதி மரை ஏறி அப்படியே நின்னுடுச்சு, பலமா திருகுனா லென்ஸ் மரை போயிடும்னு பயந்து கழட்டிட்டேன். போட்டோ எடுத்து அனுப்புனேன், பத்து நாள் கழிச்சு வேற ரிங்கு வந்துச்சு. திரும்பி அனுப்புங்கன்னு கேக்கலை, அது ஒரு நல்லது. ஆனா அந்த பத்து நாள்ல தான் மழை விட்டு வானம் தெளிஞ்சு சாயங்காலம் சாயங்காலம் அப்படி ஒரு கலரு, வீட்டு மாடில நின்னு வயிறு எரிஞ்சதோட சரி.

முதல் நாள் டேமுக்கு போனேன். தெரியாதவங்களுக்காக, கேஆர்பி டேம்ங்கறது தென்பெண்ணை ஆத்துக்கு குறுக்க கட்டுனது, காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப 1957-ல திறந்தது, முழு மட்டம் 52 அடி. இந்த 52ங்கறது நம்ம சைடு ஆளுங்களுக்கு போன் நம்பர் மாதிரி, மழைக்காலத்துல டீக்கடைல உக்காந்தா இன்னைக்கு எவ்ளோ இருக்குன்னு தான் முதல் பேச்சே. போட்டோக்கும் அந்த நம்பர் முக்கியம். தண்ணி முட்ட இருக்கறப்ப கரை ஓரம் நின்னாலே காலடில இருந்து தூரத்து மலை வரைக்கும் ஒரே தகடா தண்ணி தெரியும், கோடைல மட்டம் இறங்குனா முன்னாடி பூரா வெடிச்ச சேறு, அப்ப படத்துக்கு வேற மாதிரி யோசிக்கணும். ட்ரைபாட் தூக்கிட்டு டேம் ஷட்டர் பக்கமெல்லாம் போகாதீங்க, அணைன்னா பாதுகாப்பு கெடுபிடி இருக்கத்தான் செய்யும், கேட்டுட்டு எடுங்க. எனக்கு கரையே போதும்.

அன்னைக்கு ஆசையில இருக்கறதுலயே கருப்பான தகடு, அந்த 8ஐ சொருகுனேன். சின்ன ஸ்கிரீன்ல பாத்தா பிரமாதம். மேல செவ்வானம், கீழ தண்ணி தங்கத் தகடு மாதிரி, ஆகா நம்மளும் பெரிய ஆளு ஆயிட்டோம்டான்னு நெனச்சு வீட்டுக்கு வந்து டிவில போட்டு காட்டுனேன். அப்பா கண்ணாடியை ஏத்தி விட்டு ரெண்டு நிமிஷம் பாத்தாரு. "ஏன்டா, வானத்தை விட தண்ணி வெளிச்சமா இருக்குது, இது எந்த ஊரு?"ன்னாரு.

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவரு சொன்னது தான் விஷயமே. தண்ணிக்கு சொந்தமா வெளிச்சம் ஏது, வானத்தை வாங்கி திருப்பிக் குடுக்குது அவ்ளோ தான், குடுக்கறப்ப கொஞ்சம் தனக்குன்னு எடுத்துக்கும். அதனால பிம்பம் எப்பவும் வானத்தை விட கொஞ்சம் மங்கலா தான் இருக்கணும். வயல், மலை, ரோடு மாதிரி இடத்துல வானத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் ரொம்ப ஜாஸ்தி, அங்க 8 தேவைப்படலாம். தண்ணில அந்த வித்தியாசம் கம்மி, முக்கால்வாசி நாள் ஒண்ணு ஒண்ணரை ஸ்டாப்புக்குள்ள தான் இருக்கு. அங்க போய் மூணு ஸ்டாப் தகட்டை வெச்சா தலைகீழா ஆயிடும், பாக்கறவனுக்கு காரணம் தெரியாது, ஆனா ஏதோ பொய்யா இருக்குன்னு மட்டும் தோணும். அப்பாவுக்கு தோணுச்சு. ஒரு தடவை இதை தெரிஞ்சுட்டா அப்பறம் ஆன்லைன்ல பாக்கற பாதி ஏரி படம் உறுத்த ஆரம்பிச்சுடும், அது ஒரு தொல்லை.

அடுத்த வாரம் 4 நம்பர் தகடு. இது தான் நான் சொன்ன அந்த ஒண்ணு. சொருகிட்டு, கருப்பு முடியற அந்த கோட்டை தண்ணியும் மலையும் சேர்ற இடத்துக்கு இறக்கணும். எப்படி இறக்கறதுன்னு யாரும் சொல்லித்தரலை, நானா கண்டுபிடிச்சது: வியூஃபைண்டர்ல பாத்தா கருப்பு எங்க முடியுதுன்னே தெரியாது, லைவ் வியூ, அதாவது பின்னாடி ஸ்கிரீன்ல பாக்கறதை போட்டு தகட்டை மேலயும் கீழயும் கொஞ்சம் வேகமா ஆட்டுனா அந்த நிழல் நகர்றது தெரியும், அப்படியே நிறுத்திக்கணும். கையில பிடிச்சு இதெல்லாம் ஆகாது, ட்ரைபாட் கண்டிப்பா வேணும். அன்னைக்கு ஒரு பரிசல்காரர் வலை எடுத்துட்டு நேரா சூரியன் கோட்டுல வந்தாரு, துடுப்பை தூக்கறப்ப சொட்டற தண்ணி கூட ஒவ்வொண்ணா மின்னுது, வானம் வெளுக்கலை, அவரு முகம் தெரியலைன்னாலும் தலைல கட்டுன துண்டோட மடிப்பு தெரியுது. 1/250, எஃப் 8, ஐஎஸ்ஓ 200. அந்த ஒரு படத்துக்கு 1,650 செரிச்சு போச்சு.

இதையே மூணு படமா வேற வேற வெளிச்சத்துல எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாமேன்னு கேப்பீங்க. 200டில அப்படி மூணு படத்தை தானா எடுக்கற ஏஇபி இருக்கு, நானும் பண்ணியிருக்கேன். அசையாத தண்ணின்னா பிரச்சனை இல்ல. ஆனா பரிசல் நகரும், அலை மாறும், கொக்கு பறக்கும், மூணு படத்துல மூணு இடத்துல இருக்கும், ஒட்டுனா பேய் மாதிரி வரும். ஒரே கிளிக்ல முடியறது தான் ஃபில்டரோட லாபம். அக்கா பையன் வெச்சிருக்கற போனு இதை அதுவே உள்ளுக்குள்ள பண்ணிக்குது, உண்மைய சொல்லணும்ல, வாட்ஸ்அப்ல போடறதுக்கு அவன் படம் என் படத்தை விட நல்லாவே இருந்துச்சு. ஆனா சூரியனை பெருசா வாங்கறதுல அவன் போனு படுத்துடும். கணக்கு சுலபம், லென்ஸ் எத்தனை எம்எம்மோ அதுல கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்கு தான் சென்சார்ல சூரியனோட சைஸு. 55ல எடுத்தா அரை எம்எம் புள்ளி, பொட்டு மாதிரி. 250ல எடுத்தா ரெண்டே கால் எம்எம், 200டி சென்சார் அகலத்துல பத்துல ஒரு பங்கு, அப்ப தான் கோயில் தாம்பாளம் மாதிரி இருக்கும்.

பெரிய லென்ஸ்ல எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க. சூரியன் முழுசா சிவந்து இறங்கறதுக்கு முன்னாடி வியூஃபைண்டர்ல கண்ணை வைக்கவே வைக்காதீங்க, கண்ணு போயிடும். முன்னாடி கருப்பு தகடு இருக்கேன்னு தைரியம் வேணாம், இது சூரியனை பாக்கறதுக்கு செஞ்ச ஃபில்டர் கிடையாது. லைவ் வியூல பாருங்க, அதையும் வேலை முடிஞ்சதும் மூடியை போட்டு வைங்க, சூரியனை நோக்கி அப்படியே விட்டுட்டு டீ குடிக்க போனா உள்ள பொசுங்கறதுக்கு வாய்ப்பு இருக்கு.

நேரம் பத்தி ஒண்ணு. நம்ம ஊருல ஜூன் கடைசி ஜூலை பக்கம் ஆறே முக்கால் கிட்ட அஸ்தமனம், சீக்கிரமா இருட்டறது நவம்பர் பின்பாதி, 5:50க்கெல்லாம் முடிஞ்சுடும். மார்கழில தான் சீக்கிரம் இருட்டும்னு நெனச்சுட்டு ஒரு நாள் லேட்டா போய் ஏமாந்தேன். ஆப்ல காட்டற நேரம் கடல் மாதிரி தட்டையா இருக்கற இடத்துக்கு. டேம்ல எதிர்ல மலை வரிசை இருக்குது, மலை ஒண்ணரை டிகிரி உயரமா தெரிஞ்சா ஆறு நிமிஷம் முன்னாடியே சூரியன் காலி. கையை நேரா நீட்டி சுண்டு விரலை படுக்க வெச்சு பாருங்க, அந்த தடிமன் ஒரு டிகிரி, நாலு நிமிஷம்னு கணக்கு. நம்ம பக்கம் சூரியன் சாயாம கிட்டத்தட்ட நேரா இறங்கும், அதனால அடி விளிம்பு மலையை தொட்டதுல இருந்து மறையற வரைக்கும் ரெண்டு நிமிஷம் சொச்சம் தான், அதுக்குள்ள தகடு மாத்தறேன் ரிங்கு மாத்தறேன்னு தடவிட்டு இருந்தா அவ்ளோ தான், நாளைக்கு வாடான்னு போயிடும். இன்னொன்னு, மறைஞ்ச உடனே ட்ரைபாட்டை மடிக்காதீங்க. அதுக்கப்பறம் இருபது நிமிஷம் மேல் மேகம் தான் பத்திக்கும். டேம்ல மீன் வறுக்கற அக்கா ஒருத்தங்க தினமும் என்னை பாத்து, "அதே சூரியன் தானே தம்பி, என்னாத்த புதுசா எடுக்கற?"ன்னு கேப்பாங்க, அவங்க கடை முன்னாடி நின்னு ஒரு ஜிலேபி மீன் வறுவலை முடிக்கறதுக்குள்ள அந்த கலரும் வந்து போயிடும். மீன் சூடா இருக்கறப்ப கையில எண்ணெய், அந்த கையோட தகட்டை தொட்டேன், அந்த ரேகை ரெண்டு துணி மாத்தியும் போகலை.

அது தான் அடுத்த குறை. இது கண்ணாடி இல்ல, ரெசின்னு பேரு, பிளாஸ்டிக் தான். சட்டை நுனில துடைச்சா கீறல் விழும். மூணு மாசத்துல என் 4 நம்பர் தகட்டுல ஏழு கீறல், எண்ணி வெச்சிருக்கேன். சும்மா இருக்கறப்ப தெரியாது, சூரியன் நேரா லென்ஸுக்குள்ள வர்றப்ப ஒவ்வொரு கீறலும் ஒரு வெள்ளை கோடா எரியும். நம்ம எடுக்கறதே சூரியனை நேரா வெச்சு தான், அப்ப இந்த குறை வேற யாரை விடவும் நமக்கு தான் அதிகம் உறைக்கும். மூக்குக்கண்ணாடிக்கு குடுக்கற மெல்லிசு துணியும், ஊதி தூசி தட்டற ரப்பர் பந்தும் கூட வாங்கிடுங்க.

கலர் விஷயத்துல ஏமாத்து தான். நியூட்ரல்னு பேரு, ஆனா லேசா ஊதா அடிக்குது. ஒரு தகடுன்னா பரவால்ல, செவ்வானத்தோட கலந்து போயிடும், சில நாள் அழகா கூட இருக்கு. ரெண்டு தகட்டை சேத்து சொருகுனா மேகம் பூரா கத்திரிக்கா கலரு. ரா ஃபைல்ல (கேமரா திருத்தாம அப்படியே சேக்கறது) எடுத்து கம்ப்யூட்டர்ல டின்ட்டை பச்சை பக்கம் கொஞ்சம் தள்ளுனா சரியாகும், ஆனா கீழ் பாதில ஊதா இல்லையே, அங்க பச்சை ஏறிடும், மேல் பாதிக்கு மட்டும் தனியா தள்ளணும், அந்த வேலை தெரிஞ்சவங்களுக்கு சரி. ஜேபெக்ல மட்டும் எடுக்கறவங்க யோசிச்சு வாங்குங்க. ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விடாதீங்க, கேமரா அந்த மஞ்சளை எல்லாம் தப்புன்னு நெனச்சு துடைச்சு எடுத்துடும், டேலைட்ல வெச்சுட்டா கண்ணுல பாத்தது கிட்டத்தட்ட வரும்.

முழு கருப்பு மூணு தகடும் எனக்கு சும்மா. தண்ணியை பால் மாதிரி வழவழன்னு ஆக்கறதுக்குன்னு போட்டிருக்கான். எஃப் 16ல 1/30 வர்ற நேரத்துல 8 நம்பரை போட்டா கால் செகண்ட் ஆகும், அலை கொழகொழன்னு ரெண்டுங்கெட்டானா வரும். பால் மாதிரி வரணும்னா அரை நிமிஷம் திறந்து வைக்கணும், அதுக்கு பத்து ஸ்டாப் தகடு வேணும், அது இந்த செட்டுல இல்ல. ஒகேனக்கல்ல ஒரு தடவை முயற்சி பண்ணேன், அருவி கிட்ட போனா ஒரு நிமிஷத்துல சாரல் அடிச்சு தகடு பூரா முத்து முத்தா தண்ணி, துடைச்சு துடைச்சு கை ஓஞ்சு போச்சு. அதுவும் அங்க பாறை ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிக்கறதால சூரியன் தண்ணில இறங்கறதே பாக்க முடியாது, பரிசலும் இருட்டற வரைக்கும் ஓட்ட மாட்டாங்க. ஒகேனக்கல் காலைலயும் மதியமும் போக வேண்டிய இடம், மீனுக்கும் எண்ணெய் குளியலுக்கும். சாயங்கால படத்துக்கு இல்ல.

அதை விட பாரூர் பெரிய ஏரி எவ்ளோவோ மேல். நெடுங்கல் அணைக்கட்டுல இருந்து தென்பெண்ணை தண்ணி தான் வருது. கரை மேல பனை நிக்கற மாதிரி பாத்து நின்னா படம் தானா அமையும். அங்க தான் இந்த ஃபில்டரோட இன்னொரு குணம் தெரிஞ்சுது, கோடு நேரா இருக்கு, பனை கோட்டை தாண்டி மேல போகுது, மரத்தோட மேல் பாதி இன்னும் கருப்பாகி கீழ் பாதி வெளுப்பா வந்துச்சு. சூரியனுக்கு எதிர்ல எப்படியும் பனை நிழலுருவா தான் வரும், அதனால முழு கருப்பா விட்டுட்டா தெரியாது, ஆனா பக்கவாட்டுல லைட் விழுந்தா பளிச்சுன்னு காட்டிக் குடுத்துடும். அங்க தகட்டை கழட்டிட்டு எடுத்தேன். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளிக்கும் போனேன், தண்ணில நுரை பொங்கி மலை மாதிரி நிக்கறது படத்துல இமயமலை மாதிரி இருக்கும், நாத்தம் படத்துல வராது. அதை அழகுன்னு போட மனசு வரலை.

ஹோல்டர் பத்தி சொல்லியே ஆகணும். மூணு பள்ளம் இருக்கு, லென்ஸ் ஜூமை 18ல வெச்சா நாலு மூலையும் கருக்குது, 23, 24க்கு தள்ளுனா சரியாகுது. முதல் மாசம் தகடு கிச்சுன்னு நின்னுச்சு, அப்பறம் பள்ளம் தளர்ந்து போய் காத்தடிச்சா மெதுவா கீழ வழுகும், நமக்கு தெரியாது, வீட்டுக்கு வந்து பாத்தா இருபது படத்துல கருப்பு பாதி தண்ணிக்குள்ள இறங்கியிருக்கும். வீட்ல அம்மா முறுக்கு மாவு பாக்கெட்டுக்கு போட்டிருந்த ரப்பர் பேண்ட் ரெண்டை எடுத்து சுத்தி போட்டேன், இப்ப வரைக்கும் அது தான் ஓடுது. பழைய மாடல் கிட் லென்ஸ் வெச்சிருக்கறவங்க இன்னொன்னு பாத்துக்கோங்க, ஃபோகஸ் ஆகறப்ப லென்ஸ் முன்பக்கம் சுத்துதான்னு. சுத்துச்சுன்னா ஹோல்டரும் சேந்து சுத்தி கோடு சாஞ்சுடும், முதல்ல ஃபோகஸ் பண்ணி மேனுவலுக்கு மாத்திட்டு அப்பறம் தகட்டை நேர் பண்ணுங்க.

கிருஷ்ணகிரில ஸ்டுடியோ வெச்சிருக்கற ஒரு அண்ணா கிட்ட நல்ல கம்பெனி கண்ணாடி தகடு இருந்துச்சு, ஒரு சாயங்காலம் குடுத்தாரு, ரெண்டு ஸ்டாப், ஓரம் மெல்லிசா கரையற டைப். ஊதா இல்ல, கீறல் இல்ல, கையில எடுத்தாலே வித்தியாசம் தெரியுது. விலை கேட்டேன், ஒரு தகடு மட்டும் என் மொத்த செட்டு விலையை போல மூணு மடங்கு. வருஷம் பூரா வாரத்துக்கு மூணு நாள் போறவனா இருந்தா அதை வாங்கிடுங்க. முதல் தடவை, பழகி பாக்கணும், நமக்கு இது ஒத்து வருமான்னு தெரியணும்னா இந்த பிளாஸ்டிக் செட்டு போதும், அதுலயும் கிராஜுவேட்டட் 4ஐ தனியா விக்கற இடம் கிடைச்சா அதோட ஹோல்டரும் ஒரு ரிங்கும் மட்டும் வாங்குங்க. ட்ரைபாட் இன்னும் வாங்காதவங்க இந்த காசை அதுல போடுங்க, ஃபில்டர் அப்பறம்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். நெளிஞ்ச ரிங்குக்கு ஒண்ணு, ஊதாவுக்கு ஒண்ணு கழிச்சாச்சு.

ஆரஞ்சு தகட்டை பத்தி சொல்லலையேன்னு பாக்காதீங்க. ஒரு நாள் போட்டேன். தண்ணி, வானம், மலை, மீன் அக்கா புடவை எல்லாம் ஃபேன்டா பாட்டில்ல முக்கி எடுத்த மாதிரி வந்துச்சு. புத்தம் புதுசா பைக்குள்ள கெடக்குது, கூட நீலமும் ஊதாவும், ஏழு ரிங்கும். காவேரிப்பட்டணம் பக்கம் யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்கோங்க, காசெல்லாம் வேணாம், வர்றப்ப நிப்பட்டு ஒரு பாக்கெட்.